மணிக்கொரு புள்ளி

மழை பிடித்துக்கொண்டால் டாக்டருக்குக் கை ஓயாது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செல்போன் டாக்டர். போர்டில் கடைக்கு வேறு என்னமோ பெயர் எழுதியிருக்கிறது. அதை யார் படித்தார்கள்? ‘டாக்டர் கடை’ என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். ஆள் ஒல்லி. கண்ணில் போட்ட கண்ணாடிக்கு மேல் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. வருகிறவர்களிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி.

“தண்ணியில போட்டீங்களா?”

பேக்கரிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். “ஐயய்யோ, தண்ணிப் பக்கமே போகலை டாக்டர். ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலையில பாத்தா பேச்சு மூச்சு இல்லை.”

“மழையில நனைஞ்சுச்சா?”

“எங்கம்மா மேல சத்தியமா இல்லை.”

டாக்டர் சூடான காற்றை ஊதுகிற கருவியைப் பின்மூடியில் காட்டி, பசை இளகியதும் மெல்லிய தகட்டைச் செருகி மூடியைக் கழற்றினார். உள்ளே ஓரத்தில் நகத்தளவு ஸ்டிக்கர் ஒன்று தெரிந்தது. போனைத் திருப்பி அவரிடம் காட்டினார்.

“இது என்ன கலரு?”

“சிவப்பு.”

“கம்பெனியில இதை வெள்ளையா ஒட்டி அனுப்புவான். தண்ணி பட்டாத்தான் சிவக்கும். இப்பச் சொல்லுங்க.”

பேக்கரிக்காரர் இளித்தார். “அது வந்து... மாவு பிசையற தொட்டியில... கை தவறி...”

“இதை முதல்லயே சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா? பாவம், அம்மாவை வேற இழுத்துட்டீங்க.”

சனங்கள் பொய்தான் சொல்வார்கள் என்று டாக்டர் தொழிலில் படித்துக்கொண்டவர். குழந்தை கீழே போட்டதாகச் சொன்னால் அப்பன் சுவரில் எறிந்திருப்பான். யாரும் தொடவில்லை என்று கொண்டுவந்தால் நாலு கடை ஏறி இறங்கிய போனாக இருக்கும். அதனால் தன் கையால் மூடுகிற போன் ஒவ்வொன்றின் இடுக்கிலும் பெண்டாட்டியின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார். வேறு எவன் திறந்தாலும் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிழைக்காத போன்களுக்கும் அதே புள்ளியை வைத்து மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் போடுவார். கடையில் கூடமாட இருக்கிற அவருடைய மச்சினன் அந்தப் பெட்டிக்குப் பிணவறை என்று பெயர் வைத்திருந்தான்.

மேசை மேல் கிடந்த டாக்டரின் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மகளிடமிருந்து ஒரு புள்ளி வந்திருந்தது. கூட ஒரு எழுத்து கிடையாது, வெறும் முற்றுப்புள்ளிதான். போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு மறுபடி தகட்டை எடுத்தார்.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. போன வருஷம் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசிய வாய்ஸ் மெசேஜ் எல்லாருடைய போனிலும் சுற்றியது. வெள்ளை வேனில் வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தூக்கிப் போகிறார்களாம். எந்தப் பள்ளிக்கூடம், எப்போது நடந்தது, பேசுகிறவள் யார், ஒன்றும் கிடையாது. எதிரில் நின்று அம்மா மேல் சத்தியம் செய்கிறவனையே நம்பாத டாக்டர், முகம் தெரியாத அந்தக் குரலை அப்படியே விழுங்கிவிட்டார். அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஒவ்வொரு இடைவேளை மணிக்கும் எனக்கு மெசேஜ் போடணும்.”

“என்னன்னு போடறதுப்பா?”

“ஒண்ணும் எழுத வேண்டாம். ஒரு புள்ளி வை, போதும். நீ பத்திரமா இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன்.”

ஒரே ஒரு தடவை புள்ளி வரவில்லை. போட்டது போட்டபடி கடையை விட்டுவிட்டு ஓடினார். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்து, “எம் பொண்ணு எங்கடா? வெளிய கூட்டிட்டு வாடா!” என்று கத்திய கத்தலில் மாடி ஜன்னலெல்லாம் தலையாகத் தெரிந்தது. பிள்ளை பாட்டுக்கு நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அதற்கப்புறம் ஒரு புள்ளியும் தவறியதில்லை. ‘பயம் இருந்தாத்தான் ஒழுங்கு வரும்’ என்று டாக்டர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

பேக்கரிக்காரர் போய், பள்ளிக்கூடமும் விட்ட பிறகு எதிர்க்கடை டீக்காரர் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் நகராமல் நின்றார்.

“பள்ளிக்கூடத்துல புதுசா ஒரு சட்டம் போட்டிருக்காங்கல்ல டாக்டர்? காலையில போனை எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டு சாயங்காலம்தான் தர்றாங்களாமே?”

“ஆமா. ரொம்ப நல்ல காரியம். சம்மதம்னு முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.”

“பசங்க யாருக்குப் பொறந்ததுங்க? செத்த போனைப் பையில போட்டுட்டு உயிர்ப் போனை ஒளிச்சு வெச்சுக்குதுங்களாம். எங்கக்கா பேரன் சொன்னான்.” டீக்காரர் குரலைத் தாழ்த்தினார். “செத்த போன் எந்தக் கடையிலேர்ந்து போகுதுன்னுதான் யாருக்கும் தெரியலை.”

அவர் போனதுதான் தாமதம், டாக்டர் குனிந்து பெட்டியை இழுத்தார். வாய்வரை இருந்த பெட்டி ஒரு பக்கம் பள்ளமாகக் கிடந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிற நீல மூடி போன் ஒன்றைக் காணோம். மூலை உடைந்த ஒன்றையும் காணோம்.

நிமிர்ந்து பார்த்தார். கவுன்டர் ஓரத்தில் மச்சினன் சீருடை போட்ட ஒரு பையனோடு தலையோடு தலை முட்டப் பேசிக்கொண்டிருந்தான். பையனின் போனை வாங்கி எதையோ தட்டினான். பிறகு டிராயரைத் திறந்து போன் திரைக்கு மேல் ஒட்டுகிற புது டெம்பர் கிளாஸ் ஒன்றை எடுத்துச் சும்மாவே ஒட்டிக் கொடுத்தான். டாக்டர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று திரும்பி, “மாமா, டீ ஆறுது” என்றான்.

‘ஓகோ, கதை அப்படிப் போகுதா!’ என்று நினைத்துக்கொண்டார் டாக்டர். இரண்டு வாரமாக இவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு குசுகுசுப்பது, தான் பக்கத்தில் போனால் போனைத் திருப்பிக்கொள்வது, காலில் புது ஷூ, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். டாக்டரின் மனைவி தையல் கம்பெனியில் நாளெல்லாம் சட்டைக்குக் காலர் வைத்துவிட்டு வந்து, சோறும் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தாள். விரல் நுனிகள் வெடித்திருந்ததால் கரண்டியால் பிசைந்து தின்றாள். மகள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முதல் வாயைக்கூட விழுங்கவில்லை.

“பிணவறையிலேர்ந்து எத்தனை பிணம் வித்தே மச்சான்?”

மச்சினன் சிரித்தான். கேலி என்று நினைத்துவிட்டான். “பிணத்தை யார் மாமா வாங்குவாங்க?”

“பள்ளிக்கூடப் பசங்க வாங்குவாங்க. நடிக்காதே. கிளாஸை ஓசியில ஒட்டிக் குடுக்கறதைக் கண்ணால பாத்தேன்.”

மச்சினனுக்கு முகம் செத்துப்போனது. “மாமா, நீங்க நினைக்கறது இல்லை. அது வேற விஷயம்.”

“என்ன வேற விஷயம்? சொல்லு.”

அவன் அக்கா மகளைப் பார்த்தான். அவள் தலையை இன்னும் கீழே தொங்கப்போட்டாள். “சொல்ல முடியாது” என்றான்.

“சொல்ல முடியாதுல்ல? திருட்டுக்கு என்ன விளக்கம் இருக்கும்?”

“என்னங்க!” என்று மனைவி கரண்டியைப் போட்டாள். “தம்பியைப் பாத்துப் பேசற பேச்சா இது? உப்புத் தின்ன வீட்டுல அவன் கை வைப்பானா?”

மச்சினன் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தான். கை கழுவினான், சட்டையை மாட்டிக்கொண்டான், மழை என்றும் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டான். மகள் எழுந்து உள்ளே போனாள். மனைவி அதற்கப்புறம் டாக்டரிடம் பேசுவதை அடியோடு நிறுத்தினாள். அவர் தட்டில் சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான்.

அந்த வாரத்திலேயே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. வழக்கமாக மனைவிதான் போவாள். இந்தத் தடவை அவள், “எனக்கு லீவு இல்லை” என்று சுவரிடம் சொன்னாள். டாக்டர் கடையைப் பூட்டிவிட்டு மகளிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினார். திருட்டுச் சரக்கைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஒரு வேகம் இருந்தது.

வகுப்பு டீச்சர் தொண்டை கட்டிய குரலில் வரவேற்றார். சுவரில் ஒரு கனத்த துணி தொங்கியது. அதில் வரிசை வரிசையாகச் சின்னப் பைகள் தைத்திருந்தன.

“பிள்ளைங்க காலையில இதே மாதிரி பையிலதான் போனைப் போடறாங்க. இன்னைக்கு நீங்களும் போடுங்க. கூட்டம் முடியற வரைக்கும்தான்.”

பெற்றோர் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்றார். இன்னொரு அம்மா போனைப் போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, திரும்ப எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டாள். டாக்டரும் போட்டார். உட்கார்ந்ததும் அவருடைய கை தானாகச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது.

“பாத்தீங்களா, எத்தனை பேர் கை பாக்கெட்டைத் தேடுது!” என்று டீச்சர் சிரித்தார். “திட்டறதுக்குக் கூப்பிடலை. பிள்ளைங்களுக்கு நடத்தற பாடத்தை உங்களுக்கும் கொஞ்சம் சொல்லலாம்னுதான். ஒரு செய்தி வந்தா அனுப்பினது யாரு, எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கச் சொல்லித் தர்றோம். ஒரு வீடியோவை எடுத்தவன் அழிச்சாலும் பாத்தவன் அழிக்க மாட்டான்னு சொல்லித் தர்றோம். இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒரு பொண்ணு இருக்கா. அவ வீட்டு ஆள் ஒருத்தரைப் படம் எடுத்து, பாட்டுப் போட்டு, ஊரெல்லாம் அனுப்பிட்டாங்க. அந்தப் பிள்ளை இப்ப இடைவேளைக்குக்கூட வெளிய வர்றதில்லை.”

‘எவன் பெத்த பிள்ளையோ, பாவம்’ என்று டாக்டர் நினைத்தார். பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இவனுக்கும் செத்த போன் விஷயம் தெரிந்திருக்கிறது, கடை மானம் போச்சு என்று டாக்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டீச்சர் மேசை டிராயரைத் திறந்து நாலைந்து போன்களை எடுத்து வைத்தார். “இன்னைக்குக் காலையில பையிலேர்ந்து ஒரு போன் கீழே விழுந்துச்சு. எடுத்து அழுத்திப் பாத்தா உயிரில்லை, மத்ததையும் பாத்ததுல இந்த நாலஞ்சும் அப்படித்தான். யார் பையில இருந்துச்சுன்னு சபையில சொல்ல மாட்டேன். பிள்ளைங்ககிட்ட இன்னும் கேக்கலை. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

டாக்டர் எட்டிப் பார்த்தார். நீல மூடி இருந்தது, மூலை உடைந்ததும் இருந்தது. ஒவ்வொன்றின் இடுக்கிலும் அவர் வைத்த சிவப்புப் புள்ளி உடையாமல் இருந்தது. ‘என்ன சொன்னேன்? நான் சொன்னது பொய்யா?’ என்று அங்கே இல்லாத பெண்டாட்டியிடம் மனசுக்குள் கேட்டார். வயிற்றெரிச்சலோடு ஒரு சந்தோஷமும் வந்தது. சந்தேகம் பலித்தால் வருகிற சந்தோஷம், வேறென்ன?

அப்போது இடைவேளை மணி அடித்தது. மாடியில் பெஞ்சுகள் நகர்ந்தன. சுவரில் தொங்கிய துணியில் ஒரு பை மட்டும் அதிர்ந்து சத்தம் போட்டது.

“யாரோட போன்?” என்றார் டீச்சர்.

டாக்டருக்குத் தன் போனின் அதிர்வு தெரியும். எழுந்து போய் எடுத்துப் பார்த்தார். மகளிடமிருந்து ஒரு புள்ளி.

அதைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மறுபடி புள்ளியைப் பார்த்தார். மகளுடைய போன் காலையிலிருந்து பையில் இருக்கவேண்டும். பையில் இருக்கிற போன் எப்படிப் புள்ளி அனுப்பும்? சட்டம் வந்த நாள் முதலாக ஒரு மணியும் தவறாமல் புள்ளி வந்துகொண்டுதான் இருந்தது. அவரும் தவறாமல் பார்த்துக் கவிழ்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட அன்று மகள் கடைக்கு வந்து, “இனிமே போனை வாங்கி வெச்சுக்குவாங்கப்பா. அப்போ...” என்று இழுத்தாள். “அப்போ என்ன? ஒழுங்கா படி” என்று சால்டரிங் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவள் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனாள். ஊரான் போனில் ஒளிந்திருக்கிற தண்ணீரைக் கண்டுபிடிக்கிற மனுஷனுக்குத் தன் கையில் இருந்தது தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“முக்கியமான விஷயமா சார்?”

“ஆமா டீச்சர்” என்றார்.

எல்லாரும் போகும்வரை இருந்தார். பிறகு மேசைக்குப் பக்கத்தில் போனார்.

“அந்தச் சிவப்புப் புள்ளி நான் வைக்கிறது டீச்சர். எல்லாம் என் கடைப் பொருள்.”

“நீங்களா வித்தீங்க?”

“இல்லை. எம் பொண்ணு எடுத்திருக்கா.” போனை நீட்டினார். டீச்சர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். புள்ளி, புள்ளி, புள்ளி. வேறு ஒன்றும் இல்லை.

“என்ன சார் இது?”

“நான்தான் அனுப்பச் சொன்னேன். மணிக்கு ஒண்ணு.”

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தார். “பிள்ளைங்க அவளைப் புள்ளி, புள்ளின்னு கூப்பிடுவாங்க. எதுக்குன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.”

டீச்சர் சபையில் சொன்ன அந்த ‘வீட்டு ஆள்’ யார் என்று டாக்டருக்கு இப்போது உறைத்தது. “அந்த வீடியோ... வாசல்ல வாட்ச்மேனைப் பிடிச்சு...”

“நீங்க பாக்கலையா சார்?” என்றார் டீச்சர் மெதுவாக. “எல்லாரும் பாத்துட்டாங்களே.” பிறகு, “நாளைக்கு நிஜப் போனைப் பையில போடச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார்.

மச்சினன் சிநேகிதனின் சலூனில் படுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. டாக்டர் நேராக அங்கே போனார். அவன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

“ஷூ இவனோடது” என்று முடி வெட்டிக்கொண்டிருந்த சிநேகிதனைக் காட்டினான். “அளவு பத்தலைன்னு எனக்குக் குடுத்தான். அதையும் கேட்டுடுங்க. சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது பாருங்க.”

“மச்சான், அந்த வீடியோ உன்கிட்ட இருக்கா?”

மச்சினன் துணியைக் கீழே வைத்தான். “யார் சொன்னா?”

“எல்லாருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.”

“இல்லை. அழிச்சுட்டேன். எந்தப் பையன்கிட்ட இருக்குன்னு ஒவ்வொருத்தனா தேடிப் பிடிச்சு, கிளாஸ் போட்டுத் தர்றேன், அழிடான்னு கெஞ்சி அழிக்க வெச்சேன். உங்ககிட்ட சொன்னா மறுபடி வாசல்ல போய்க் கத்துவீங்கன்னு பாப்பா அழுதா மாமா. அதான் வாயைத் திறக்கலை.”

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் பார்க்க மச்சினனின் கையைப் பிடித்தார். “தப்பா பேசிட்டேன்டா. மனசுல வெச்சுக்காதே. வீட்டுக்கு வா. உங்கக்கா சுவரோட பேசிட்டிருக்கா.”

“எவ்வளவோ தேவலை. சுவர் சந்தேகப்படாது” என்றான் மச்சினன். ஆனாலும் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

சாயங்காலம் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் எடுத்தது ஒன்றுதான். பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் பார்த்துவிட்டு, ‘எங்களுக்கும் கொண்டா, இல்லைன்னா டீச்சர்கிட்ட சொல்லிடுவோம்’ என்று மிரட்டியிருக்கிறார்கள். மாமா மேல் பழி விழுந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், பயமாக இருந்தது என்று அழுதாள். மச்சினன் அவள் தலையில் கை வைத்து, “போனாப் போகுது. பிணத்துக்குச் சொந்தக்காரன் நானா?” என்றான்.

“இனிமே புள்ளி வேண்டாம்மா” என்றார் டாக்டர்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “அனுப்பலைன்னா வாசலுக்கு வருவீங்களா?”

“வர மாட்டேன்.”

“சோதிக்கறீங்களா?”

“இல்லைம்மா.”

“சத்தியமா?”

டாக்டர் வாயைத் திறந்தார். பேக்கரிக்காரர் நெஞ்சில் வைத்த கை ஞாபகம் வந்தது. மகள் அவரைப் பார்த்த பார்வையும் அவருக்குத் தெரிந்ததுதான். அவர் வாடிக்கைக்காரர்களைப் பார்க்கிற பார்வை அது. சத்தியம் செய்யாமல் வாயை மூடிக்கொண்டார். மனைவி சில நாள் கழித்து அவர் முகத்தைப் பார்த்து, “சாப்பிடுங்க” என்றாள்.

மறுநாளும் மழை. இடைவேளை மணி நேரம் வந்தது. மேசை மேல் போன் கல்லாகக் கிடந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார், கவிழ்த்தார், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளை வேன் ஒன்று தெருவில் போனது. காய்கறி வேன்தான், ஆனாலும் அது தெருமுனை திரும்பும்வரை எட்டிப் பார்த்தார். சால்டரிங் கம்பி தவறான இடத்தில் பட்டது. மெதுவாக எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“எங்க மாமா?”

“டீ குடிக்க.”

“டீக்கடை எதிர்ல இருக்கு. வண்டியிலயா போகப் போறீங்க?”

டாக்டர் சாவியை மச்சினனிடம் நீட்டி, “இதை நீயே வெச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காதே” என்றார். அப்புறமும் அவருக்கு வேலை ஓடவில்லை. வந்தவர்களிடம் தண்ணியில் போட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பகல் முழுக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகள் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். குடையை மடக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட கவுன்டருக்கு வெளியே நின்றாள். அவளைக் கண்டதும் டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காட்டிக்கொள்ளாமல் துணியை எடுத்துப் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

“நீங்க வரலையாப்பா?”

“கடையை விட்டு நகரலைம்மா. வேணும்னா மாமாவைக் கேளு.”

“மாமா உங்களுக்காகப் பொய் சொல்வாரு” என்றாள் அவள். “வாட்ச்மேன் அண்ணன்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் வர்றேன்.”

மச்சினன் வாய்விட்டுச் சிரித்தான். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்ன சொன்னாரு?”

“வரலைன்னாரு.”

“இப்ப நம்பறியா?”

அவள் யோசித்தாள். “இன்னைக்கு நம்பறேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் கேப்பேன்.”

“கேளு” என்றார் டாக்டர். “தினமும் கேளு.”